உடல்வருத்தமும் அறக்கொடையும்: தணிகைக் காவடி முதல் தெல்லிப்பழை நடைப்பயணம் வரை

1. நுதலிய பொருள்

ஒருவர் தம் உடலை வருத்திக்கொண்டு ஓர் அருஞ்செயலை மேற்கொள்ள, அதனைக் கண்டாரும் கேட்டாரும் உள்ளம் இளகிப் பொருள் ஈய, அப்பொருள் நோயுற்றார்க்கும் வறியார்க்கும் பயன்படுதல் இந்நாளில் உலகெங்கும் காணப்பெறும் ஒரு வழக்கமாகும். நெடுந்தொலைவு ஓடுதல், பன்னாள் நடத்தல், கடல் நீந்துதல், விரும்பிய உணவைச் சில திங்கள் நீத்தல் எனப் பலவகையால் இது நிகழ்கின்றது. இதனை மேனாட்டினின்று நேற்று வந்த புதுமை என்பார் ஒருசாரார். நம் முன்னோர் செய்த நோன்பே பெயர் மாறி வந்தது என்று பெருமிதம் கொள்வார் மற்றொருசாரார். இவ்விரு கூற்றும் முழுதும் பொருந்துவன அல்ல என்பது எம் கருத்து. இவ்வழக்கத்தின் உறுப்புகள் யாவும் தமிழகத்தில் நெடுங்காலமாக உள்ளன. ஆயின் அவ்வுறுப்புகள் இணைந்த முறையும், ஈட்டிய பொருள் சென்று சேர்ந்த இடமும் காலந்தோறும் மாறி வந்துள்ளன. அம்மாற்றத்தின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது வெறும் பழம்பொருள் ஆராய்ச்சி அன்று. வருந்துவார் ஒருவர், ஈவார் பலர், பயன்பெறுவார் பிறர் என்னும் இம்மூவருள் எவர்க்கு எவர் கடன்பட்டவர், வருந்துதலே அறமாகுமா, வருத்தத்தின் பயனே அறமாகுமா என்னும் வினாக்கள் இதன்கண் அடங்கியுள்ளன. அவ்வினாக்களுக்குத் தமிழ் அறநூல்கள் தெளிவான விடை கூறியுள்ளன என்பதையும் ஈண்டுக் காட்டுவோம்.

2. ஆய்வுக்களம்

ஆய்வுக்குத் தொடக்கக் களமாக யாம் கொண்டது பொதட்டூர்பேட்டை. இன்று திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை அடுத்து அமைந்துள்ள நெசவாளர் ஊர் இது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு அம்மாநிலத்தின்பால் சென்றது. மங்கலங்கிழார், ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படியும், 1960 ஏப்பிரல் 1ஆம் நாள் திருத்தணி மீண்டும் தமிழகத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் இவ்வூர்ப்புறத்தில் இருமொழியாரையும் பிணிக்கும் பெருங்கயிறு தணிகை முருகன் வழிபாடே எனலாம்.

இவ்வூரைத் தேர்ந்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. கூலிக்கு நெய்வோர்க்குத் தறி ஓடும் நாளே வருவாய் உள்ள நாள். தறி நிற்கும் நாள் கூலி நிற்கும் நாள். ஆடிக் கிருத்திகைக்கு நோன்பிருந்து காவடி எடுத்துத் தணிகை மலைக்குச் செல்லும் நெசவாளர், தம் காலின் உழைப்பையும் தோளின் உழைப்பையும் மட்டும் முருகனுக்குக் கொடுப்பதில்லை. அத்துணை நாளைய கூலியையும் சேர்த்தே கொடுக்கின்றார். செல்வர் ஒருவர் உண்டியலில் இடும் தொகையைவிட இது சிறிதாகத் தோன்றலாம். இழப்பின் அளவால் நோக்கின் இதுவே பெரிது. உடல்வருத்தத்திற்கும் பொருட்கொடைக்கும் உள்ள தொடர்பை ஆராயப் புகுவார்க்கு, இவ்விரண்டும் ஒன்றாகவே அமைந்த இத்தகைய ஊர் நல்ல தொடக்கமாகும்.

3. சொல்லும் பொருளும்

'நோன்பு' என்னும் சொல் 'நோல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. நோற்றல், நோன்றல், நோன்மை என்பன அதன் வழிவந்தவை. பொறுத்தல், தாங்குதல் என்பதே இவற்றின் அடிப்பொருள். உண்ணாமை என்பது பொறுத்தலின் ஒரு வகையாதலின் நோன்பு என்னும் சொல் பிற்காலத்தில் உண்ணாநோன்பையே பெரும்பாலும் குறிப்பதாயிற்று. 'நேர்த்திக்கடன்' என்பது இதனின் வேறு. நேர்தல் என்பது உடன்படுதல். கடன் என்பது செலுத்தியே தீரவேண்டியது. ஆகவே நோன்பு தன்னோடு தான் செய்துகொள்ளும் உறுதி. நேர்த்திக்கடன் தெய்வத்தோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை. 'ஈகை'யோ வறியார்க்குக் கொடுப்பது. இம்மூன்று சொற்களும் மூன்று உறவுகளைக் குறிக்கின்றன: தன்னோடு உள்ள உறவு, தெய்வத்தோடு உள்ள உறவு, பிறனோடு உள்ள உறவு.

திருவள்ளுவர் இவற்றின் எல்லைகளைக் கருதியே அதிகாரங்களை வகுத்துள்ளார். தவம் துறவறவியலில் நிற்கின்றது. ஈகை இல்லறவியலில் நிற்கின்றது. தவம் என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், தனக்கு உற்ற துன்பத்தைப் பொறுத்தலோடு பிறவுயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் இணைத்தே தவத்தின் வடிவம் இதுவென வரையறுக்கின்றார். பொறுத்தல் மட்டும் தவமாகாது என்பது இதனாற் பெறப்படும். ஈகை அதிகாரத்தில் அவர் மேலும் ஒருபடி செல்கின்றார். தம் பசியைப் பொறுத்துக்கொள்ளும் நோன்பியரின் ஆற்றலைப் பிறர் பசியை நீக்குவாரின் ஆற்றலுக்குப் பின்னதாகவே வைக்கின்றார். நோன்பையும் ஈகையையும் ஒரே துலாத்தில் இட்டு எடைபோட்ட பேரறிஞர் வள்ளுவரே ஆவர். இக்கட்டுரையில் பின்னர் வரும் நிகழ்ச்சிகளை அளத்தற்கு இவ்வெடையே எமக்கு அளவுகோல்.

4. இலக்கியமும் கல்வெட்டும் காட்டுவன

பிறர்பொருட்டுத் தன்னை வருத்திக்கொண்டு இரந்த முதற்பெருமகனாகத் தமிழிலக்கியத்தில் நாம் காண்பது மணிமேகலை கூறும் ஆபுத்திரனை. ஊரால் விலக்கப்பட்டு மதுரை சேர்ந்த அவன், சிந்தாதேவி கோயிலின்கண் தங்கி, ஓடேந்தி மனைதோறும் இரந்து, கண்ணிலார், செவியிலார், காலிலார், காப்பார் இல்லார், நோயுற்றார் யாவரையும் அழைத்து உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்டு, அவ்வோட்டையே தலையணையாகக் கொண்டு உறங்கினான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதன் பின்னரே. இங்கே வருந்துவான், ஈவார், பயன்பெறுவார் என்னும் மூவரும் தெளிவாக உள்ளனர். இடையில் தெய்வம் பயன்கொள்ளவில்லை, பசித்தவனே பயன்கொள்கின்றான். ஆபுத்திரன் தன் வருத்தத்தைக் காட்சிப்பொருள் ஆக்கவும் இல்லை. இம்மூன்று கூறுகளாலும் இக்கால அறவழக்கத்திற்கு மிக அண்மையில் நிற்பவன் அவனே.

பெரியபுராணத்தில் இந்நிலை மாறுகின்றது. தொண்டைநாட்டுத் திருவொற்றியூர்க் கலிய நாயனார் செல்வம் அழிந்தபின் செக்கிலே கூலிக்கு உழைத்து ஈட்டிய பொருளால் திருவிளக்கு எரித்தார். அதுவும் இயலாத நாளில் தம் குருதியையே எண்ணெயாக்கத் துணிந்தார். உடலுழைப்பு உடலிழப்பாக முதிர்வதனை இங்குக் காண்கிறோம். ஆயின் அதன் பயன் திருவிளக்கைச் சேர்ந்தது. அதே தொண்டைநாட்டுத் திருவேற்காட்டு மூர்க்க நாயனாரோ சூதாடி வென்ற பொருளால் அடியார்க்கு அமுதளித்தார். பயன் நன்றாயின் ஈட்டும் வழி எதுவாயினும் ஆகுமோ என்னும் வினாவைச் சேக்கிழார் நம்முன் வைத்துச் செல்கின்றார் என்றே யாம் கருதுகின்றோம். அறநிதி திரட்டுவோர் இன்றும் எதிர்கொள்ளும் வினா அது.

கல்வெட்டுச் சான்று இன்னும் கடுமையானது. முன்னர் நெல்லூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த மல்லம் என்னுமிடத்துள்ள கம்பவர்மன் காலத் தமிழ்க் கல்வெட்டு, பிடாரிக்குத் தன் உடலினின்று ஒன்பதிடத்து ஊன் அரிந்து தலையையும் அரிந்து வைத்த ஒருவனுக்காக நிலம் கொடுக்கப்பட்டதைக் குறிக்கின்றது. நவகண்டம் என்று வழங்கும் இவ்வழக்கத்தின் உருவங்கள் தமிழகத்தின் பலவிடங்களில் கிடைத்துள்ளன. இங்கும் வருந்துவான் ஒருவன், பொருள் ஈவார் ஊரார். ஆயின் ஈட்டம் அறத்தின்பாற் செல்லாது வீரத்திற்குக் கொடுத்த விலையாக அமைகின்றது. உடல்வருத்தம் எல்லை கடந்து அழிவாகுமிடத்து, அதனைப் போற்றிய ஊரும் அவ்வழிவில் பங்குடையது ஆகின்றது என்பதனை மறத்தல் இயலாது.

ஆபுத்திரன், கலியர், மல்லத்து வீரன் என்னும் மூவரையும் ஒருங்கு நோக்கின், உடல்வருத்தத்தோடு பொருள் சேர்வது தமிழர்க்குப் புதிதன்று என்பதும், அப்பொருள் சேருமிடம் மூவகைப்பட்டது என்பதும் புலனாகும்.

5. காவடியும் மடிப்பிச்சையும்

இனி நிகழ்கால வழக்கிற்கு வருவோம். தோளில் காவடியும் இடையில் மஞ்சளாடையும் உடையராய் நடந்து செல்வாரையே நாம் பெரிதும் நோக்குகின்றோம். அதனோடு இணைந்த மற்றொரு வழக்கம் அத்துணைக் கவனம் பெறவில்லை. அதுவே மடிப்பிச்சை. தமக்கோ தம் மக்கட்கோ நோய் வந்து நீங்கியபின், வேண்டிக்கொண்டவாறு செல்வரும் வறியரும் ஒருபடித்தாக மஞ்சளாடை உடுத்து, அண்டை அயலார் வாயிலில் நின்று மடியேந்தி அரிசியோ காசோ பெற்று, அதனைக் கோயிலுக்குச் செலுத்துவர். முருகன் தலங்கட்கும் மாரியம்மன் கோயில்கட்கும் மட்டுமன்றித் திருவேங்கடத்திற்கும் புரட்டாசித் திங்களில் இவ்வாறு இரந்து செலுத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு.

தம்மிடம் பொருள் இருக்கவும் இரப்பது ஏன் என்னும் வினா எழும். இதன் உட்கருத்து இருவகைத்து. முதலாவது, இரத்தலால் செருக்கு அடங்குகின்றது. நெடுந்தொலைவு நடத்தல் காலை வருத்தும். தெரிந்தவர் வாயிலில் கையேந்துதல் உள்ளத்தை வருத்தும். பின்னதே கடிது. இரண்டாவது, ஒருவர் வேண்டுதலில் ஊரார் அனைவரும் பங்கு கொள்கின்றனர். ஒரு பிடி அரிசி இட்ட மூதாட்டியும் அக்காவடியில் ஒரு பங்குடையவள் ஆகின்றாள். நோயுற்ற குழந்தையின் நலம் தெருவின் பொதுப்பொருள் ஆகின்றது. இக்கால நெடுநடைகளில், நடப்பாருக்கு இத்துணைத் தொலைவிற்கு இத்துணைத் தொகை என்று உறுதி கூறிக் கொடுப்போரின் நிலை மடிப்பிச்சை இடுவாரின் நிலையே அன்றி வேறன்று.

வேறுபாடு எங்குளது? மடிப்பிச்சையில் நோயின் நீக்கம் முன்னது, கொடை பின்னது. தன் நோய் நீங்கியதற்கு நன்றியாகச் செலுத்துவது அது. இக்கால வழக்கிலோ கொடை முன்னது, நோய்நீக்கம் பின்னது, அதுவும் பிறர் நோய். காவடி எடுப்பவர் தெய்வத்தின் கடனைத் தீர்க்கின்றார். நெடுநடை நடப்பவர் முன்பின் அறியாதவரின் கடனைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்கின்றார்.

இதனால் முன்னது தாழ்ந்தது, பின்னது உயர்ந்தது என்று முடிவு கூறல் பொருந்தாது. காவடி செல்லும் வழியெல்லாம் நீர்ப்பந்தலும் மோர்ப்பந்தலும் அன்னதானமும் நிகழ்கின்றன. நடப்பார் வருத்தமே நடவாதாரின் ஈகையைத் தூண்டுகின்றது. கோயிலை நோக்கிச் செல்லும் பெருவெள்ளத்தினின்று பிரிந்து பசித்தவரை நோக்கிச் செல்லும் சிறு வாய்க்கால்கள் இவை.

மரபைத் திருப்புதல் இயலுமா என்பார்க்குத் திருத்தணியே சான்று பகரும். ஆங்கில ஆண்டுப் பிறப்பன்று வெள்ளைய அதிகாரிகளைக் கண்டு வணங்கி வாழ்த்துப் பெறும் வழக்கம் பரவியிருந்த காலத்து, வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் அந்நாளில் தணிகை மலைப்படிகளில் திருப்புகழ் ஓதி ஏறும் படித்திருவிழாவை 1917இல் தொடங்கினார். அயலார் கணித்த நாள் அயலார்க்குரிய வணக்கத்தினின்று விடுபட்டு அடியார்க்குரிய ஏற்றமாயிற்று. ஒருவர் முனைந்து ஒரு நாளின் பயனையே மாற்றவல்லார் எனின், ஒரு நோன்பின் பயனை மாற்றுதலும் இயல்வதே.

6. இருபதாம் நூற்றாண்டின் திருப்பம்

நோன்பின் பயனைக் கோயிலினின்று மக்கள்பால் திருப்பிய பெருமுயற்சி காந்தியடிகளுடையது. 1933 மே 8ஆம் நாள் தொடங்கி அவர் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தார். அது எவரையும் வற்புறுத்துதற்கன்று, தம்மையும் தம்மோடு உழைப்பாரையும் தூய்மை செய்தற்கே என்று கூறினார். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் வார்தாவினின்று புறப்பட்டு, அறுபத்து நான்காம் அகவையில், 1934 சூலை இறுதிவரை ஏறத்தாழ 12,500 மைல் சுற்றி, தீண்டாமை ஒழிப்பு நிதிக்கு எட்டு இலட்சம் ரூபாய் அளவில் திரட்டினார். அச்செலவில் தமிழகமும் இடம்பெற்றது. தம் கையொப்பத்திற்கு ஐந்து ரூபாய் வாங்கி நிதியிற் சேர்த்தார். மகளிர் அணிகலன்களைக் கழற்றிக் கொடுத்தனர். 1934 மே 9ஆம் நாள் ஒரிசாவில் பூரியினின்று ஊர்தியை விட்டு நடக்கத் தொடங்கினார். ஊர்தியில் விரைந்தால் மிகுதியான ஊர்களைக் காணலாம், மிகுதியான பொருளும் திரட்டலாம். எனினும் அவர் நடையைத் தேர்ந்தார். கொடுப்பார் உள்ளத்தை மாற்றுதல் கொடைத்தொகையினும் பெரிது என்பதே அதற்குக் காரணமாதல் வேண்டும்.

அவர் வழிவந்த வினோபா பாவே 1951 ஏப்பிரல் 18ஆம் நாள் தெலுங்கு நாட்டுப் போச்சம்பள்ளியில் பூதான இயக்கத்தைத் தொடங்கினார். நிலமற்றார் 80 ஏக்கர் வேண்ட, இராமச்சந்திர ரெட்டியார் 100 ஏக்கர் அளித்தார். போச்சம்பள்ளியும் பொதட்டூர்பேட்டையைப் போல் நெசவாளர் ஊர் என்பது நினையத்தக்கது. குடற்புண்ணால் வருந்திய உடலோடு, தயிரும் பாலும் போன்ற எளிய உணவே கொண்டு, வினோபா ஆண்டுக்கணக்கில் நாடெங்கும் நடந்தார். 1956-57இல் தமிழகத்தில் நடந்தார். 1956இல் காஞ்சிபுரத்தில் சர்வோதய மாநாடு நிகழ்ந்தது. நோயுற்ற உடலே நடையின் முதலாகவும், அந்நடையே நிலக்கொடையின் வித்தாகவும் அமைந்தமை இங்குக் காணத்தக்கது. பெற்ற நிலத்துள் ஒரு பகுதி வழங்கப்பெறாமலும், ஒரு பகுதி பயிர்க்கு உதவாததாகவும் இருந்தமை அவ்வியக்க வரலாற்றின் மறுபக்கம். திரட்டுதல் எளிது, உரியவர் கையிற் சேர்த்தல் அரிது.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டையும் தெளிதல் வேண்டும். எல்லைப்புற மக்கள் நினைவில் நீங்காது நிற்கும் மற்றோர் உண்ணாநோன்பு பொட்டி சீராமுலுவினுடையது. ஆந்திர மாநிலம் வேண்டிச் சென்னையில் 1952 அக்டோபர் 19ஆம் நாள் தொடங்கிய அந்நோன்பு, 58 நாள் கழிந்து டிசம்பர் 15ஆம் நாள் அவர் உயிரோடு முடிந்தது. அதன் உறுதியை மொழியெல்லை கடந்து எவரும் மதிப்பர். ஆயினும் அது கொடை வேண்டும் நோன்பு அன்று; உரிமை கேட்டு அரசை நெருக்கும் நோன்பு. நெருக்கும் நோன்பில் மறுப்பார்க்குப் பழி உண்டு. இரக்கும் நோன்பில் மறுப்பார்க்குப் பழி இல்லை. மடியேந்தி நிற்பவர் அடுத்த வாயிலுக்குச் செல்வார். அறநிதிக்காக வருந்துவோர் இவ்வெல்லையைக் கடந்து, கொடாதாரை நாணச் செய்யும் கருவியாகத் தம் வருத்தத்தை ஆக்குவாராயின், ஈகை வரியாக மாறிவிடும்.

7. தெல்லிப்பழை

இதுகாறும் கூறியவை ஒருங்கு முதிர்ந்து, தமிழ் மண்ணில் ஒரு மருத்துவமனையாக வடிவெடுத்த நிகழ்ச்சி ஈழத்தில் நடந்தது. ஈழத்தில் வடமுனையினின்று தென்திசை நோக்கி நடக்கும் பழைய நெறி ஒன்று உண்டு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியினின்று புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை வழியாகக் காட்டினூடே கதிர்காமம் சேரும் பாதயாத்திரையே அது. தணிகையில் வள்ளி மணம் போற்றப்பெறுதல் போலக் கதிர்காமத்திலும் வள்ளியே முதன்மை உடையள். 1983இன் பின்னர்ப் போரால் அந்நெறி இடர்ப்பட்டது. நடப்பார் வழி அடைபட்டது.

2009இல் போர் முடிந்தது. 2011 சூலைத் திங்களில் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்னும் இருவர், தென்முனையாகிய தேவேந்திரமுனையினின்று வடமுனையாகிய பருத்தித்துறைவரை 670 கிலோமீட்டர் தொலைவை 27 நாளில் நடந்தனர். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களர். 'ட்ரெயில்' என்னும் பெயர் பூண்ட அந்நடை யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமைக்கும் பொருட்டு மேற்கொள்ளப்பட்டது. வடபுலத்துப் புற்றுநோயாளர் கொழும்பை அடுத்த மகரகமைவரை செல்லவேண்டியிருந்த காலம் அது. போரின்போது மக்கள் குடிபெயர்ந்து வெறிச்சோடிய வலிகாமம் வடக்கிலே, பல்லாயிரவர் உடன்நடந்தும் பொருளீந்தும் துணைநின்றமையால் அம்மருத்துவமனை எழுந்தது.

அத்துடன் இவ்வரலாறு முடியவில்லை. 2016இல் அதே குழுவினர் திசையை மாற்றினர். பருத்தித்துறையினின்று தேவேந்திரமுனைக்கு 28 நாள் நடந்து, காலி நகரை அடுத்த கராப்பிட்டியில் புற்றுநோய் மருத்துவத்திற்குப் பொருள் திரட்டினர். முதல்நடையில் தென்னவர் வடக்கிற்குக் கொடுத்தனர்; இரண்டாம் நடையில் வடக்கினின்று புறப்பட்ட கால்கள் தெற்கிற்கு ஈட்டின. பெற்றவர் கொடுத்தவராக மாறிய இதன்கண் நேர்த்திக்கடனின் சாயலை யாம் காண்கின்றோம். நோய் நீங்கியவர் மடியேந்தி இரந்து செலுத்துவது போல, மருத்துவமனை பெற்ற வடபுலம் தன் கடனைக் கோயிலுக்கன்றி மற்றொரு மருத்துவமனைக்குச் செலுத்தியது எனலாம்.

கதிர்காம நடையினின்று இது பிறந்தது என்று யாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதற்குச் சான்று வேண்டும். நடப்பவரை வழிமறித்து நீர் கொடுத்தலும், உடன் சிறிது தொலைவு நடத்தலும், அவர் வருத்தத்தில் பங்கு கொள்ளுதலும் அறிந்த மக்களிடையே இது நிகழ்ந்தது என்பதே எம் கருத்து. வித்து எங்கிருந்து வந்ததாயினும், பண்பட்ட நிலம் முன்னரே இருந்தது.

8. மேனாட்டுச் சான்றுகளும் கணக்கும்

இவ்வகை நடைகளின் மேனாட்டு முன்மாதிரியாகப் பெரிதும் போற்றப்பெறுபவர் கனடா நாட்டு டெரி ஃபாக்ஸ். 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்த அவ்விளைஞர், 1980 ஏப்பிரல் 12ஆம் நாள் செயற்கைக் காலோடு தம் நாட்டின் கீழ்க்கரையினின்று மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், நோய் நுரையீரலிற் பரவியமையால் செப்டம்பர் 1ஆம் நாள் ஓட்டத்தை நிறுத்தினார். 1981 சூனில், 23ஆம் அகவை நிரம்புமுன், மறைந்தார். நாட்டு மக்கள் தலைக்கு ஒரு டாலர் என்பது அவர் வேண்டுகோள். அவர் உயிரோடிருந்தபோதே 2 கோடியே 40 இலட்சத்திற்கு மேற்பட்ட டாலர் சேர்ந்தது. அதனினும் நாம் கருதத்தக்கது, தம் ஓட்டத்தால் எவ்வணிக நிறுவனமும் விளம்பரம் பெறலாகாது என்று அவர் மறுத்தமையே. சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்திலும் அவர் பெயரால் ஓட்டங்கள் நிகழ்ந்துள்ளன.

மற்றொரு சான்று எச்சரிக்கையாக அமைகின்றது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில், நூறாம் அகவையை எட்டவிருந்த ஆங்கிலப் படைவீரர் டாம் மூர், ஊன்றுகோல் வண்டியைப் பற்றித் தம் தோட்டத்தை நூறுமுறை சுற்றி நடந்து, மருத்துவப் பணி அறநிதிகளுக்கு 3 கோடிப் பவுனுக்கு மேல் ஈட்டினார். அத்தொகை உரிய இடத்தையே சேர்ந்தது. ஆயின் அவர் பெயரால் பின்னர் அமைந்த அறக்கட்டளையில் குடும்பத்தார் தந்நலம் பெற்றனர் என்று அந்நாட்டு அறநிலைய ஆணையம் 2024இல் கண்டறிந்து குறை கூறியது. முதியவர் நடை தூயதே; நடைக்குப் பின் வந்த கணக்கே மாசுற்றது. வருந்துவாரின் தூய்மை கணக்கின் தூய்மைக்குப் பிணையாகாது என்பது இதன் படிப்பினை.

மூன்றாவது சான்று நம் அண்டை நிலத்தது. 2014இல் நரம்புநோய் ஒன்றன் ஆராய்ச்சிக்காகப் பனிக்கட்டி நீரைத் தலையிற் கவிழ்த்துக்கொள்ளும் அறைகூவல் உலகெங்கும் பரவியது. அதனைக் கண்ட ஐதராபாத்துப் பத்திரிகையாளர் மஞ்சுலதா கலாநிதி, நீருக்கு மாற்றாக ஒரு வாளி அரிசியை வறியார்க்கு அளிக்கும் அறைகூவலைத் தொடங்கினார்; அது விரைந்து பரவியது. உடலை நடுக்குறச் செய்யும் செயலை நீக்கிப் பசியை நீக்கும் செயலை அவ்விடத்து வைத்த இது, ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் இட்ட வரிசையைத் தெலுங்கு நாட்டில் ஒருவர் நடைமுறைப்படுத்தியதாகவே எமக்குத் தோன்றுகின்றது.

9. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. உடல்வருத்தத்தால் பிறர் ஈகையைத் தூண்டுதல் தமிழர்க்குப் பழையது. ஆயின் பழமையில் அதன் பயன் பெரும்பாலும் கோயிலையும் வீரத்தையும் சார்ந்தது. ஆபுத்திரன் கதை அதற்கு அரியதொரு புறனடை. இருபதாம் நூற்றாண்டில் அப்பயன் மக்கள்பால் திரும்பியது. தெல்லிப்பழை அத்திருப்பத்தின் முதிர்ச்சி. மூன்றாவதாக, இவ்வழக்கத்தை மதிப்பிடும் அளவை வருத்தத்தின் மிகுதி அன்று. தன்னை அழியாமை, பிறரை நெருக்காமை, ஈட்டியதை உரியவர் கையிற் சேர்த்தல் என்னும் மூன்றுமே அவ்வளவை. மல்லத்து வீரன் முதலதில் தவறினான். நெருக்கும் நோன்பு இரண்டாவதன் எல்லையைக் கடப்பது. கணக்கற்ற அறக்கட்டளை மூன்றாவதில் தவறுவது.

இறுதியாக, முதுகலை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். காவடியின் பாடல்களைத் தொகுத்தோர் உளர். காவடியின் கணக்குகளைத் தொகுத்தோரை யாம் காணவில்லை. பொதட்டூர்பேட்டை போன்ற ஊர்களில் காவடிக் குழுவினர் கைப்பட எழுதிவைத்த சிறு கணக்கேடுகளில், யார் வீட்டில் எத்துணைப்படி அரிசி, எவர் கொடுத்த எத்துணைக் காசு, அன்னதானத்திற்கு எவ்வளவு, உண்டியலுக்கு எவ்வளவு என்பவை பதிந்திருத்தல் கூடும். தமிழிலும் தெலுங்கிலும் எழுதப்பெற்ற அவ்வேடுகள் பரண்களிற் கிடந்து செல்லரித்துப் போவதற்கு முன் அவற்றைத் தேடிப் படியெடுத்தல் வேண்டும். ஈகையின் வரலாறு மன்னர் கல்வெட்டுகளில் மட்டும் இல்லை. ஒருநாள் தறியை நிறுத்தி மடியேந்தி நின்றவர்க்கு ஒரு பிடி அரிசி இட்டவர் பெயரும் அவ்வரலாற்றில் இடம்பெறற்பாலதே.